அடுப்பின் மேல் பழி

ஜனவரி 12

அன்புள்ள சுண்டெலிக்கு,

அண்ணன் எழுதுகிறேன். நானும் உன் அண்ணியும் சுகமாக இருக்கிறோம். அடுப்புக்குத்தான் உடம்பு சரியில்லை. உனக்குக் கால் வலி எப்படி இருக்கிறது? வீடு வீடாக நடக்கிற வேலையைத் தேடிப் போனவளுக்குக் கால் வலிக்காமல் காதா வலிக்கும்?

போனில் பேசக்கூடாதா என்று அண்ணி கேட்கிறாள். உன் மலையில் போன் எடுப்பதில்லை. எடுத்தாலும் நம் பேக்கரியின் போன் மாவு பிசையும் மெஷின் பக்கத்தில் இருக்கிறது. நான் உன்னிடம் கத்தினால் பன் வாங்க வந்தவர்கள் பதில் சொல்கிறார்கள். கடிதம்தான் நமக்குச் சரி.

விஷயத்துக்கு வருகிறேன். நான் எப்படிச் சூடு பார்ப்பேன் என்று உனக்குத் தெரியும். இடது கையை முழங்கை வரை அடுப்பின் வாய்க்குள் நீட்டி எண்ணுவேன். பத்துக்கு மேல் கை தாங்கவில்லை என்றால் ரொட்டி வைக்கலாம். பதினைந்து தாங்கினால் பன். இருபத்தைந்து தாங்கினால் ரஸ்க் காயப்போடுகிற சூடு. இருபத்திரண்டு வருஷமாக இந்தக் கணக்கு பிசகியதே இல்லை. சூடு பார்க்கிற மீட்டர் விற்க வந்தவனுக்கு ஒரு பன்னைக் கொடுத்து அனுப்பிவைத்தவன் நான்.

இரண்டு மாதமாக அடுப்பு பொய் சொல்கிறது. பத்து எண்ணுகிறேன், சுடவில்லை. இருபது எண்ணுகிறேன், வெயிலில் நிற்பது போல இதமாக இருக்கிறது. சரி, சூடு போதவில்லை என்று விறகைத் திணித்தால் ரொட்டியின் அடியெல்லாம் கரி. மாணவர் விடுதி மேலாளர் தினமும் இருநூறு பன்னும் நாற்பது ரொட்டியும் வாங்குகிறவர், நம் கடையே அவரை நம்பித்தான் ஓடுகிறது. நேற்று நாற்பது ரொட்டியையும் திருப்பி அனுப்பிவிட்டார். கூடவே ஒரு சீட்டு: “பிள்ளைகளுக்குப் பல் இன்னும் தேவைப்படுகிறது.” மனிதர் வாயைத் திறக்கமாட்டார், எழுதினால் இப்படித்தான்.

அடுப்பை இடித்துக் கட்டலாம் என்று இருக்கிறேன். ஆடத் தெரியாதவள் தெரு கோணல் என்றாளாம் என்று அண்ணி சொல்லிவிட்டுப் போகிறாள். உன் யோசனையை எழுது. குடையில்லாமல் நடக்காதே.

உன் அண்ணன்

*

ஜனவரி 30

அன்புள்ள அண்ணாவுக்கு,

நானும் என் இரண்டு கால்களும் ஒரு கிழிந்த குடையும் நலம். உனக்கும் அண்ணிக்கும் நோய்நொடி இல்லாமல் இருக்கவேண்டும். இங்கே இரண்டு வாரத்துக்கு ஒருமுறைதான் மருந்து வண்டி வரும். கடிதங்கள் அதில்தான் வரும், அதில்தான் போகும். அதனால் பதில் தாமதமானால் கோபிக்காதே.

இந்த மாதம் ஒரு நாளைக்கு நாற்பது வீடு பார்க்கிறோம். கதவைத் தட்டி, உடம்பில் வெளுத்தோ சிவந்தோ, தொட்டால் உணர்ச்சியில்லாத இடம் ஏதாவது இருக்கிறதா என்று கேட்கவேண்டும். தொழுநோயை ஆரம்பத்திலேயே பிடித்துவிட்டால் மாத்திரையோடு முடிந்துவிடும், அதற்காகத்தான் இந்த நடை. சந்தேகமாக ஏதாவது இருந்தால் கண்ணை மூடச் சொல்லிப் பேனா முனையால் மெல்லத் தொடுவோம். தொட்ட இடத்தை அவர்கள் விரலால் காட்டவேண்டும். அவ்வளவுதான் சோதனை.

போன வாரம் ஒரு முடிதிருத்துகிறவர். கழுத்தில் வெறும் தேமல். நாங்கள் போவதற்குள் கத்தரிக்கோலை மச்சானுக்கு எழுதிவைத்துவிட்டார். எங்கே தொட்டாலும் துல்லியமாகக் காட்டினார், உங்களுக்கு ஒன்றுமில்லை என்றால் நம்பவில்லை, இன்னொரு தடவை குத்துங்கள் என்று கெஞ்சினார். கடைசியில் சந்தோஷத்தில் எங்கள் டிரைவருக்கு இலவசமாக முடி வெட்டிவிட்டார். டிரைவர் இப்போது தொப்பி போட்டுக்கொண்டு திரிகிறார். தேமல்காரர்கள் இப்படிப் பயந்து சாகிறார்கள். உண்மையிலேயே நோய் இருக்கிறவர்கள்தான் வலிக்கவேயில்லையே என்று சிரிக்கிறார்கள்.

அடுப்பை இடிக்காதே. ஒரு விளையாட்டு சொல்கிறேன். ஒரு நாள் வலது கையை நீட்டி எண்ணிப் பார். எத்தனை வந்தது என்று மறக்காமல் எழுது.

அண்ணிக்கு என் அன்பு.

சுண்டெலி

*

பிப்ரவரி 20

என் அறிவாளித் தங்கைக்கு,

இங்கே அனைவரும் சுகம், இந்த முறை அடுப்பும் சேர்த்துத்தான். உன் கால் எப்படி இருக்கிறது? டிரைவரின் தலைமுடி வளர்ந்ததா?

முதலில் அடுப்புக் கொத்தனாரை வரவழைத்தேன். சூடே ஏறவில்லை, கையை விட்டுப் பாருங்கள் என்றேன். மனிதர் நம்பி விட்டார். ஆறு எண்ணுவதற்குள் கையை இழுத்துக்கொண்டு தண்ணீர்த் தொட்டிக்கு ஓடினார். வீட்டுக்குப் போகும்வரை என்னோடு பேசவில்லை. அண்ணி அவருக்கு ஒரு பை நிறைய பிஸ்கட் கொடுத்துச் சமாதானம் செய்தாள்.

பிறகுதான் உன் விளையாட்டு ஞாபகம் வந்தது. வலது கையை நீட்டினேன். ஒன்பதில் சுட்டது. உடனே இடது கையை நீட்டினேன். இருபத்தெட்டு வரை எண்ணிவிட்டு எனக்கே அலுத்துப்போய் எடுத்துவிட்டேன். இப்போது வலது கையால்தான் கணக்கு. ரொட்டி பொன்னிறமாக வருகிறது. விடுதியிலிருந்து சீட்டு வந்தது: “பரவாயில்லை.” அவர் அகராதியில் அது பெரிய பாராட்டு.

இடது கை இத்தனை வருஷம் நெருப்பில் காய்ந்து உரமேறிவிட்டது, அதுதான் காரணம். எவ்வளவு உரம் என்றால், போன வாரம் மணிக்கட்டில் இரண்டு விரல் அகலத்துக்குக் கொப்புளம். எப்போது தட்டு பட்டது என்றே தெரியாது. அண்ணி பார்த்து அலறிய பிறகுதான் எனக்கே தெரிந்தது. துளி வலி இல்லை. உன் அண்ணன் எப்பேர்ப்பட்ட சூரன் பார்த்தாயா?

நன்றாகச் சாப்பிடு.

உன் அண்ணன்

*

பிப்ரவரி 27

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான் நலம். நீ நலமில்லை என்று நினைக்கிறேன். உட்கார்ந்து படி.

சூரத்தனம் எல்லாம் இல்லை, அண்ணா. நெருப்பில் காய்ந்த தோல் தடிக்கும், ஆனால் சூடு தெரியாமல் போகாது. இடது கையில் முழங்கைக்குக் கீழே வெளுத்த இடம் ஒன்று இருக்கிறதா என்று உன்னைக் கேட்கப்போவதில்லை. இருக்கிறது. நான் பார்த்திருக்கிறேன்.

போன அக்டோபரில் நான் வந்தபோது சாப்பாட்டு மேஜையில் என் பக்கத்தில் உட்கார்ந்தாய். கையில் வெள்ளையாக இருந்தது. மாவுக் கையைக் கழுவாமல் உட்கார்ந்துவிட்டாய் என்று திட்டிக்கொண்டே ஈரத்துண்டால் துடைத்தேன். போகவில்லை. காய்ந்த மாவு, பிறகு போகும் என்று விட்டுவிட்டேன். பேக்கரிக்காரன் கையில் வெள்ளையாக வேறென்ன இருக்கும்? பதினோராயிரம் பேரின் தோலைப் பார்த்தவள் நான். யாரோ ஒருவர் முதுகில் காசளவு இருப்பதைக்கூடத் தேடிப் பிடிப்பேன். என் அண்ணன் கையை மாவு என்று துடைத்துவிட்டு வந்தேன். நினைக்க நினைக்க எனக்கு வெட்கமாக இருக்கிறது.

உன் ஜனவரிக் கடிதத்தைப் படித்தபோதே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. மூன்று தாள் கிழித்தேன். நான்காவதில்தான் விளையாட்டு என்று எழுதினேன். நான் நினைப்பது தவறாக இருக்கட்டும் என்று ஆசைப்பட்டேன்.

இது தொழுநோயாக இருக்கலாம். கிருமியால் வருவது, பாவத்தால் வருவது அல்ல. மாத்திரை உண்டு, இலவசம், சில மாதம் விடாமல் சாப்பிட்டால் குணமாகும். ஆனால் நரம்பு முழுக்கக் கெட்டுவிட்டால் மாத்திரையால் அதைத் திருப்பித் தர முடியாது. விரல்கள் மடங்கிவிடும். மாவு பிசைகிற விரல்கள் அவை. அதனால்தான் அவசரப்படுத்துகிறேன். உன் தெருமுனையில் இருக்கிற சுகாதார நிலையத்துக்கு நாளைக்கே போ. அண்ணியையும் கூட்டிப் போ, ஒருவருக்கு இருந்தால் வீட்டில் எல்லாரையும் பார்க்கவேண்டும்.

அடுத்த வண்டியில் உன் பதில் வரவேண்டும்.

சுண்டெலி

*

மார்ச் 27

அண்ணா,

நலமா என்று கேட்கிறேன். இந்த முறை மரியாதைக்குக் கேட்கவில்லை.

பதின்மூன்றாம் தேதி வண்டி வந்தது. மருந்துப் பெட்டி, சோப்பு, டிரைவருக்கு ஒரு புதுத் தொப்பி. உன் கடிதம் இல்லை. இன்றைக்கும் வந்தது. இன்றைக்கும் இல்லை. கையில்தான் உணர்ச்சி போயிருக்கிறது என்று நினைத்தேன்.

இரண்டு வரி எழுது.

சுண்டெலி

*

ஏப்ரல் 2

அன்புள்ள தங்கைக்கு,

அனைவரும் சுகம். கடையில் வேலை அதிகம், அதனால்தான் எழுதவில்லை. இங்கே வெயில் கொளுத்துகிறது. கிடங்கில் பூனை குட்டி போட்டிருக்கிறது, நான்கு. எலி பிடிக்கும் என்று பார்த்தால் வெண்ணெயைப் பிடிக்கிறது. தேங்காய் பிஸ்கட் ஒன்று புதிதாகப் போட்டேன். நன்றாகப் போகிறது. மூன்று முழுக்கை சட்டை வாங்கினேன். ஒன்று நீலம், இரண்டு சாம்பல். இந்த வெயிலில், அதுவும் அடுப்பு முன்னால், முழுக்கை எதற்கு என்று அண்ணி கேட்கிறாள். மரியாதையாக இருக்கும் என்றேன்.

உன் கடிதங்கள் கிடைத்தன. அந்த விஷயத்தைப் பற்றி இனி எழுதாதே. அண்ணி கண்ணில் பட்டால் வம்பு.

கோபமாக எழுதுகிறேன் என்று நினைக்காதே. நீயே யோசித்துப் பார். நான் ஆணி அடிக்கிறவனா, மரம் அறுக்கிறவனா? நான் பிசைந்ததை ஊரே வாயில் வைக்கிறது. என் கையில் அது இருக்கிறது என்று ஒருவருக்குத் தெரிந்தால் மறுநாள் கடையில் ஈ கூட உட்காராது. சுகாதார நிலையத்துக்குப் போகிற வழியில் இருக்கிறவர்கள் அத்தனை பேரும் நம் வாடிக்கை. அந்த வாசலில் நான் எதற்கு நிற்கிறேன் என்று கேட்டால் என்ன சொல்வது?

கை நன்றாகத்தான் இருக்கிறது. சுண்டு விரல் மட்டும் கொஞ்சம் சோம்பேறியாகிவிட்டது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அண்ணன்

*

ஏப்ரல் 10

அண்ணா,

பூனைக்குட்டிகள் நலமா? அவற்றுக்காவது என் பேச்சு புரியும்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்கள் உண்டு. நீ முழுக்கை சட்டையில் மறைக்கிறாய். தெரிந்தால் ரொட்டி வாங்கமாட்டார்கள் என்று பயப்படுகிறாய். விரல்கள் மடங்கிவிட்டால் வாங்குவதற்கு ரொட்டியே இருக்காது, அதற்குப் பயப்படமாட்டாயா? சுண்டு விரல் சோம்பேறி இல்லை. நரம்பு போய்க்கொண்டிருக்கிறது. இன்றைக்கு வண்டியில் வந்த உன் கடிதத்தில் அந்த ஒரு வரியைப் படித்த பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை.

இன்னொன்றையும் கேட்டுக்கொள். மாத்திரை சாப்பிட ஆரம்பித்துவிட்டால் உன்னிடமிருந்து யாருக்கும் பரவாது. சாப்பிடாமல் மறைத்துக்கொண்டிருக்கும்வரைதான் மற்றவர்களுக்கும் ஆபத்து, முதலில் அண்ணிக்கு.

நோயாளி சொல்லாமல் அவர் வீட்டாருக்குக்கூட நாங்கள் சொல்லக்கூடாது. அது எங்கள் வேலையின் விதி. அதனால்தான் அண்ணிக்குத் தனியாக எழுதாமல் பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறேன். விடுப்பு கேட்டிருக்கிறேன், ஜூலைக்கு முன் கிடைக்காது என்கிறார்கள். ஜூலை வரை உன் நரம்பு காத்திருக்காது.

போ, அண்ணா. உன் காலில் விழுகிறேன் என்று நினைத்துக்கொள்.

சுண்டெலி

*

மே 1

அன்புள்ள சுண்டெலிக்கு,

அண்ணி எழுதுகிறேன். என் கையெழுத்தைப் பார்த்துப் பயந்துவிடாதே, எல்லாரும் நலம். பூனைகளும் நலம். நீ ஒழுங்காகச் சாப்பிடு.

உன் அண்ணன் உன் கடிதங்களை எங்கே ஒளித்துவைத்தார் தெரியுமா? யீஸ்ட் டப்பாவில். வேறு எங்கே வைத்திருந்தாலும் எனக்குக் கிடைத்திருக்காது. இருபது வருஷமாக அந்தக் கடையில் யீஸ்ட் அளந்து கொடுப்பது நான். இதுகூடத் தெரியாத மனுஷரோடுதான் நான் குடும்பம் நடத்துகிறேன்.

எல்லாவற்றையும் படித்தேன். கொப்புளத்தைப் பார்த்த நாளிலிருந்தே எனக்குச் சந்தேகம் இருந்தது. நீ எழுதியிருந்த சோதனையைச் செய்தும் பார்த்தேன். மத்தியானம் அவர் அசந்து தூங்கும்போது பேனாவால் அந்த இடத்தில் தொட்டேன். அசையவில்லை. நோய்தான் என்று முடிவு கட்டிவிட்டேன். பிறகு நல்ல கையில் தொட்டேன், அங்கேயும் அசையவில்லை. மூக்கில் தொட்டேன், அப்போதும் குறட்டைதான். அந்த மனுஷரைத் தூக்கத்தில் சோதிக்கப்போனது என் புத்தி.

அவராகச் சொல்வார் என்று மூன்று வாரம் காத்திருந்தேன். அது என் தவறு. அந்த மூன்று வாரமும் குளிக்கிற இடத்தில் நின்று அழுதேன். நோய்க்காக அழவில்லை. என்னிடமே மறைக்கிற அளவுக்குத் தனியாகிவிட்டாரே என்றுதான் அழுதேன்.

உன் கடைசிக் கடிதத்தை டப்பாவில் பார்த்த பிறகு பொறுக்க முடியவில்லை. போன செவ்வாய்க்கிழமை காலை ரொட்டி இறக்கி முடித்ததும் அவர் முன்னால் போய் நின்றேன். “உங்களுக்குப் போக வேண்டாம்னா விடுங்க. நான் போறேன். வீட்ல எல்லாரையும் பார்க்கணும்னு உங்க தங்கச்சி எழுதியிருக்கா. நான் மட்டும் தனியா அங்க போய் நிக்கட்டுமா?” என்று கேட்டேன். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு செருப்பைப் போட்டுக்கொண்டார். பாதி வழியில்தான், “உனக்கு எப்பத் தெரியும்?” என்றார். “ரொட்டி கருகுனப்பவே ஏதோ சரியில்லன்னு தெரியும்” என்றேன். தெருவில் வைத்து என் கையைப் பிடித்துக்கொண்டார். கல்யாணம் ஆன புதிதில்கூடப் பிடித்ததில்லை.

சின்ன வயது டாக்டரம்மா. ஜலதோஷம் அவருக்கு, தும்மிக்கொண்டே பார்த்தார். முழங்கை நரம்பை அழுத்திப் பார்த்துவிட்டு, “தொழுநோய்தான். கை இன்னும் நல்லாத்தான் இருக்கு, இப்பவாவது வந்தீங்களே” என்றார். எனக்கு ஒன்றும் இல்லை. மாதத்துக்கு ஒரு மாத்திரை அட்டை, மொத்தம் ஆறு அட்டை. முதல் மாத்திரையை நர்ஸ் முன்னாலேயே விழுங்கவேண்டும். இவர் விழுங்கிவிட்டு, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி வாயைத் திறந்து காட்டினார்.

இனிமேல் நேராகவே எழுது. டப்பாவில் யீஸ்ட் மட்டும் இருக்கட்டும்.

அண்ணி

*

மே 18

அன்புள்ள சுண்டெலிக்கு,

மாத்திரைக்காரன் எழுதுகிறேன். சுகம். அண்ணியும் சுகம், என்னைத் திட்டுகிற சுகத்தில் ஒரு சுற்று பெருத்திருக்கிறாள். உன்னிடம் முரண்டு பிடித்ததற்கு மன்னித்துவிடு. மன்னிப்பு கேட்பது எனக்குப் பழக்கமில்லாத வேலை, ஒரு தடவைதான் கேட்பேன்.

முதல் நாள் மாத்திரை போட்டுவிட்டு வந்து கழிப்பறைக்குப் போனேன். சிறுநீர் சிவப்பாகப் போனது. கதை முடிந்தது என்று நினைத்துக்கொண்டு அண்ணியைக் கூப்பிட்டு, கடையை யாருக்குக் கொடுக்கவேண்டும், மாவில் உப்பு எவ்வளவு என்பதுவரை சொல்லி முடித்தேன். அவள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு முழுவதையும் கேட்டாள். பிறகு, “மாத்திரையால அப்படித்தான் போகும்னு நர்ஸம்மா சொன்னாங்க. நீங்க சுவத்துல இருந்த படத்தைப் பார்த்துட்டு இருந்தீங்க” என்றாள். அந்த முடிதிருத்துகிறவரை நினைத்துச் சிரித்த பாவம் எனக்கு வந்து சேர்ந்துவிட்டது.

இப்போது சிரிக்க முடியாத விஷயம். போன வியாழக்கிழமை கடை நிறையக் கூட்டம். விடுதி மேலாளரும் நின்றுகொண்டிருந்தார். வியர்வையில் என் சட்டை நனைந்து ஒட்டியிருந்தது. யாரோ ஒருவர் சிரித்துக்கொண்டே, இந்த வெயிலில் முழுக்கை எதற்கு, கையில் ஏதாவது பச்சை குத்தியிருக்கிறீர்களா என்று கேட்டார். சும்மா கேட்டதுதான். நானும் சும்மா சிரித்திருக்கலாம். என்னவோ, மறைத்து மறைத்து அலுத்துவிட்டது. சட்டைக் கையை மடித்துக் காட்டினேன். “தொழுநோய். மாத்திரை சாப்பிடறேன். இனி யாருக்கும் பரவாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காங்க. வாங்கறவங்க வாங்கலாம், வேண்டாங்கறவங்க மேல எனக்குக் கோபம் இல்ல” என்றேன்.

 கேள்வி கேட்டவர் தலையைக் குனிந்துகொண்டே ஆறு பன் வாங்கிக்கொண்டு போனார், வழக்கமாக நான்குதான் வாங்குவார். இரண்டு பேர் வெறும் கையோடு இறங்கிப் போனார்கள். விடுதி மேலாளர் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். முகம் வெளிறிவிட்டது. அவசரமாக இறங்கிப் போய்விட்டார்.

மறுநாள் காலை சீட்டு வந்தது: “நாளை முதல் வேண்டாம்.” அவ்வளவுதான்.

சில்லறை வாடிக்கையில் பாதிக்கு மேல் வருகிறார்கள். ஆனால் விடுதி இல்லாமல் அடுப்பில் பாதி இடம் காலி. அண்ணி தட்டுகளைத் திரும்பத் திரும்பத் துடைத்து அடுக்குகிறாள். உன்னிடம் சொல்வதற்கென்ன, எனக்குப் பயமாக இருக்கிறது. நான் செய்தது சரியா?

உன் அண்ணன்

*

மே 22

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம். கால் வலி போன இடம் தெரியவில்லை. உன் கடிதத்தைப் படித்துவிட்டு இந்தக் குடிசை ஆபீசைச் சுற்றி மூன்று முறை நடந்தேன்.

சரியா என்று கேட்கிறாய். பதினோராயிரம் பேரின் தோலைப் பார்த்த நான், ஒரு மனிதர்கூட பத்துப் பேர் முன்னால் சட்டையை மடித்து அந்தப் பேரைத் தன் வாயால் சொல்லிப் பார்த்ததில்லை. எனக்குப் பெருமையாக இருக்கிறது. டிரைவரிடமும் சொல்லலாமா? நீ சம்மதித்தால்தான் சொல்வேன்.

விடுதிக்குப் போய்ச் சண்டை போடாதே. அண்ணியையும் அனுப்பாதே, முக்கியமாக அண்ணியை. கேட்கிறவர்களுக்கு மட்டும் பதில் சொல். மாத்திரையை ஒரு நாளும் விடாதே. ரொட்டியை நன்றாகச் சுடு. சுண்டு விரலுக்கு டாக்டர் பயிற்சி சொல்லியிருப்பாரே, செய்கிறாயா? ஜூலையில் நேரில் வந்து பார்ப்பேன்.

சுண்டெலி

*

ஜூன் 14

அன்புள்ள சுண்டெலிக்கு,

நாங்கள் சுகம். சுண்டு விரல் பேச்சைக் கேட்க ஆரம்பித்திருக்கிறது. டிரைவரிடம் தாராளமாகச் சொல். பூனைக்குட்டிகளில் ஒன்றைக் கொத்தனார் வாங்கிப் போனார், எங்களுக்குள் சமாதானம் ஆகிவிட்டது.

இது அவசரக் கடிதம். உன்னிடம் ஒரு கேள்வி கேட்டு எழுதச் சொன்னார் ஒருவர், தான் யார் என்று சொல்லியே கேட்கச் சொன்னார். விடுதி மேலாளர்தான்.

இன்று மத்தியானம் ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தோம். குனிந்து உள்ளே வந்தார். கையில் நம் கடையின் காலித் தட்டுகள் ஆறு. சரி, இதையும் திருப்பிக் கொடுத்துவிட்டு ஒரேயடியாகத் தலைமுழுகப் போகிறார் என்று நினைத்தேன். அண்ணி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு சண்டைக்குத் தயாரானாள். அவர் தட்டுகளை வைத்துவிட்டு, ஷட்டரை முழுக்க இறக்க முடியுமா என்று கேட்டார். இறக்கினேன்.

மாவு மூட்டை மேல் உட்கார்ந்தார்.  பிறகு இத்தனை வருஷத்தில் நான் அவர் வாயிலிருந்து கேட்காத அளவுக்குப் பேசினார்.

“உங்க கையைப் பார்த்துப் பயந்து ஆர்டரை நிறுத்தல. நீங்க அதுக்குப் பேர் சொன்னீங்களே, அதுக்குத்தான் பயந்தேன். ரெண்டு வருஷமா நான் அதை வெறும் சொறி, படைன்னு சொல்லிட்டு இருக்கேன். தினமும் உங்க பன்னைப் பார்த்தா அந்தப் பேர் ஞாபகம் வந்துடும்.”

பேன்ட் காலை மடித்தார். முழங்காலுக்குக் கீழே உள்ளங்கை அளவுக்குச் செம்பு நிறத்தில் இருந்தது. அண்ணி செருகிய முந்தானையை மெல்ல எடுத்துவிட்டாள்.

நான் டாக்டர் இல்லை என்று சொன்னேன். தெரியும், டாக்டரிடம் போவதற்கு முன்னால் ஒரு தடவை நீங்கள் பாருங்கள் என்றார். அண்ணியின் பேனாவை வாங்கிக்கொண்டு கீழே உட்கார்ந்தேன். தொடுகிற இடத்தை விரலால் காட்டவேண்டும் என்று நீ எழுதியதை அப்படியே சொன்னேன். கண்ணை இறுக்க மூடிக்கொண்டு விரலை நீட்டித் தயாராக வைத்திருந்தார். நான் ஒரு முறை தொட்டேன். கொஞ்சம் தள்ளி இன்னொரு முறை. நான்கு முறை தொட்டேன், நான்காவது முறை கொஞ்சம் அழுத்தியே தொட்டேன்.

அவர் கண்ணை மூடியபடியே பொறுமையாக, “ம், ஆரம்பிங்க” என்றார்.

 அண்ணி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் பேனாவை மூடினேன். அந்தச் சத்தத்தில் அவர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். அவருக்கே புரிந்துவிட்டது.

அவர் கேள்வி இதுதான்: இரண்டு வருஷம் ஆகிவிட்டது, இனி மாத்திரை கேட்குமா, காலம் கடந்துவிட்டதா? கேட்கும் என்று நானே சொல்லிவிட்டேன். நீயும் கைப்பட எழுது. உன் எழுத்துக்கு மதிப்பு அதிகம்.

நாளைக் காலையே போகலாம் என்றேன். சுகாதார நிலையத்தில் தெரிந்தவர்கள் இருப்பார்களே, அங்கே எதற்கு வந்தீர்கள் என்று கேட்டால் என்ன சொல்வது என்றார். அதே கேள்விதான், நான் உன்னிடம் கேட்டது. “எனக்குத் துணைக்கு வந்தேன்னு சொல்லுங்க. நாளைக்கு நான் அடுத்த அட்டை வாங்கற நாள்” என்றேன். அவர் முகம் தெளிந்தது. எழுந்து, பன் இருக்கிறதா என்று கேட்டார். நின்றபடியே இரண்டு தின்றார். ஆர்டரைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. ஷட்டருக்கு அந்தப் பக்கம் போனவர் மறுபடி குனிந்து, காலை எட்டு மணி, மறந்துவிடாதீர்கள் என்றார்.

என் அட்டைக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. அவரிடம் சொல்லிவிடாதே.

உன் அண்ணன்